அண்ணாந்த அண்ணை

லண்டன் மாநகரத்தில் தரையைப் பார்க்காமலே நடமாடிய ஒரே தமிழர் எங்கள் அண்ணாந்த அண்ணைதான். கூட்டிச் சொல்கிறேன் என்று நினைக்கவேண்டாம். எண்பதுகளில் ஆர்ச்வேயில் இருந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தெருவில் இறங்கினாரென்றால் கழுத்தைப் பின்னால் சாய்த்துக்கொள்வார். கூரை, கூரைக்கு மேல் புகைபோக்கி, அதற்கும் மேல் காற்றுக்குத் திரும்புகிற இரும்புச் சேவல் என்று பார்த்துக்கொண்டே போவார். கால்கள் தங்கள் பாட்டுக்குப் பின்னால் வரவேண்டியதுதான். அவர் மோதாத விளக்குக் கம்பம் வட லண்டனில் இல்லை. ஒருமுறை சிவப்புத் தபால் பெட்டியில் மோதிவிட்டு அதனிடம் "சொறி" என்றார். பதில் வரவில்லை. "இங்கிலீசுக்காரருக்கு இப்ப மரியாதை குறைஞ்சுபோச்சு" என்று என் கணவரிடம் வந்து முறைப்பட்டார்.

அவருடைய உண்மையான பெயர் எங்களில் பலருக்குத் தெரியாது. முருகன் கோயிலுக்குப் போகிற ஏற்றத்துக்குக் கீழே, குறுக்குத் தெரு ஒன்றில், பழைய வீடொன்றின் முன்னறையில் நானும் கணவரும் வாடகைக்கு இருந்தோம். மாடியில், கட்டிலைப் போட்டால் கதவு பாதிதான் திறக்கும் என்கிற அறையில் அவர் இருந்தார். ஊரில் அரசாங்கத்தின் கட்டட இலாகாவில் படம் வரைகிறவராக இருந்தவர். லண்டனில் பெற்றோல் நிலையமொன்றில் ஷிப்ட் வேலை. வேலை நேரம் தவிர்ந்த நேரமெல்லாம் கட்டடம், சிலை, கல்லறை.

அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. லண்டனுக்குப் புதிதாக வருகிற எந்தத் தமிழனும் சும்மா வேலைக்கும் வீட்டுக்கும் போய்வந்துகொண்டிருக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கதவைத் தட்டுவார். மழைக்கோட்டு, குடை, கையில் புட்டுப் பார்சல்.

"தங்கச்சி, வெளிக்கிடுங்கோ. இண்டைக்கு உங்களுக்கு ஒரு தேவாலயக் கூம்பு காட்டுறன்."

"அண்ணை, போன கிழமையும் கூம்புதானே பாத்தனாங்கள்?"

"அது கோதிக் பாணிக் கூம்பு. இது வேறை. நீங்கள் இதைப் பாக்காமல் செத்துப்போனால் நான் பொறுப்பில்லை."

என் கணவர் அவருடைய செருப்புச் சத்தம் படியில் கேட்டவுடனே குளியலறைக்குள் போய்ப் பூட்டிக்கொள்வார். அண்ணை வாசலிலேயே நின்று கதவுக்கூடாகக் கட்டடக் கலை விளக்கிக்கொண்டிருப்பார். கடைசியில் குளிர் தாங்காமல் மனிதர் வெளியே வந்துவிடுவார். ஊரிலிருந்து புதிதாகக் கல்யாணம் கட்டிக்கொண்டு வந்த ஒரு சோடியைத் தேனிலவு என்று சொல்லி அழைத்துப்போய், நாள் முழுக்கக் கல்லறைகள் காட்டினார். அந்தப் பெண் அழுதுகொண்டு திரும்பி வந்தாள். "ஆனால் பாருங்கோ, அந்தக் கல்லிலை புருசனும் மனிசியும் கையைப் பிடிச்சபடி படுத்திருக்கினம்" என்றார் அண்ணை, மிகுந்த திருப்தியுடன்.

விளக்கம் சொல்வதில் அவரை மிஞ்ச முடியாது. தெரிந்ததைத் தெரிந்தபடி சொல்வார், தெரியாததை அதைவிட உறுதியாகச் சொல்வார். தேவாலயக் கூரைகளில் வாயைப் பிளந்துகொண்டு மழைத்தண்ணீர் கக்குகிற கல் பூதங்கள் இருக்கின்றனவே, அவை அந்தக் காலத்து மாமியார்மாரின் முகங்கள் என்று அடித்துச் சொன்னார். "கொத்தனார் ஒவ்வொருத்தனும் தன்ர மாமியை மனசிலை வைச்சுத்தான் செதுக்கினவன்." ஒரு வெள்ளைக்கார முதியவர் எங்கள் பின்னாலேயே வந்து, தமிழ் ஒரு சொல்லும் விளங்காமல், அண்ணை கைகாட்டிய இடமெல்லாம் பக்தியோடு படம் பிடித்துக்கொண்டார்.

சென்ட் போல்ஸ் தேவாலயத்தில் நடந்தது எங்கள் வட்டாரத்தில் புகழ்பெற்ற கதை. பெரிய குவிமாடத்தின் நேர் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். கழுத்து போதவில்லை. மழைக்கோட்டைத் தரையில் விரித்து மல்லாந்து படுத்துவிட்டார். ஒரு பெண் அலறினாள். கூட்டம் சேர்ந்தது. டாக்டர் ஒருவர் ஓடிவந்து முழந்தாளிட்டு, கழுத்துப் பொத்தானைத் தளர்த்தி, "எங்கே வலிக்கிறது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். அண்ணை ஒரு விரலை உயர்த்தி, "மேலே பாருங்கள், எவ்வளவு அழகு" என்றார். மனிதருக்கு சொர்க்கம் தெரியத் தொடங்கிவிட்டது என்று டாக்டர் பயந்துபோனார். தூக்குப் படுக்கை வந்துசேர்ந்த பிறகுதான் அண்ணை எழுந்து உட்கார்ந்து, டாக்டரையும் பக்கத்தில் படுத்துப் பார்க்கும்படி வற்புறுத்தினார்.

இன்னொரு நாள் பழைய தேவாலயமொன்றின் கல்லறைத் தோட்டத்தில், வாங்கில் உட்கார்ந்து புட்டும் இடிச்ச சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். இது உணவருந்தும் இடமல்ல என்று சொல்ல ஒரு பாதிரியார் வந்தார். அண்ணை பேசவே விடவில்லை. "முதல்லை இதைச் சாப்பிட்டுப் பாருங்கள், ஃபாதர்." சம்பலை வாயில் வைத்த பாதிரியாரின் கண்களிலிருந்து தண்ணீர் கொட்டியது. அண்ணை ஆறுதலாக அவர் முதுகைத் தடவிவிட்டார். பிறகு அந்தப் பாதிரியாரே சாவி எடுத்துவந்து, பூட்டிக்கிடந்த மணிக்கூண்டுக்கு எங்களைக் கூட்டிப்போனார்.

ஏன் அண்ணை இந்தப் பைத்தியம் என்று நான் ஒருநாள் கேட்டேன். சமையலறையில் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, நான் முழு ஐரோப்பாவையும் கடந்து வந்தவன். ஆனால் ஒண்டையும் பாக்கேல்லை. லொறிக்குள்ளை, பெட்டியளுக்குப் பின்னாலை, இருட்டுக்குள்ளை வந்தனான். ஒரிடத்திலை லொறி நிண்டது. மணிச்சத்தம் கேட்டுது. பெரிய மணி. பாரீசா இருக்கும் எண்டு பக்கத்திலை இருந்த பெடியன் சொன்னான். வெளியிலை எட்டிப் பாக்க ஏலாது. அண்டைக்கு நினைச்சன், இதையெல்லாம் ஒருக்கா வெளிச்சத்திலை பாக்கவேணும் எண்டு."

சீனியைக் கலக்கிக்கொண்டே அடுத்ததையும் சொன்னார்.

"அதோடை, ரமணன் வரப்போறான். அவன் வரேக்கை நான் விசரன் மாதிரி முழுசிக்கொண்டு நிக்கக் கூடாதெல்லே?"

ரமணன் அவருடைய ஒரே பிள்ளை. யாழ்ப்பாணத்தில் தாயோடு இருந்தான். தகப்பனைப்போலப் படம் கீறுவதில் கெட்டிக்காரன். பள்ளிக்கூடம் முடிந்ததும் இரண்டுபேரையும் எடுப்பித்து, அவனை இங்கே கட்டடக் கலை படிக்கவிடுவதுதான் அண்ணையின் திட்டம். மகனுக்கு லண்டனைக் காட்ட அவர் எங்களை வைத்து ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. அதற்குப் பிறகு அவர் கதவைத் தட்டினால் மறுபேச்சில்லாமல் வெளிக்கிட்டேன்.

எண்பதுகளின் முடிவில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. மழைக்கோட்டுப் போட்டு, குடையும் எடுத்தாகிவிட்டது. நான் சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். நடையில் இருந்த பொதுத் தொலைபேசி அடித்தது. அண்ணைதான் எடுத்தார். கொழும்பிலிருந்து அவருடைய மைத்துனர்.

"ஓம்... ஓம்... எப்ப?... ஓம்."

ரிசீவரை வைத்தார். மழைக்கோட்டைக் கழற்றிக் கொளுவியில் மாட்டினார்.

"இண்டைக்கு மழை வரும் போலை கிடக்கு தங்கச்சி. இன்னொரு நாளைக்குப் போவம்."

வெளியே நல்ல வெயில் எறித்துக்கொண்டிருந்தது.

ரமணன் டியூசனுக்குப் போனவன் வீட்டுக்குத் திரும்பி வரவில்லை. சைக்கிள் மட்டும் ஒரு ஒழுங்கையில் மதிலோடு சாத்திவைத்தபடி இருந்ததாம். யார் கொண்டுபோனார்கள், எதற்குக் கொண்டுபோனார்கள், யாருக்கும் தெரியவில்லை. அந்த நாட்களில் அங்கே யாரிடம் போய்க் கேட்பது என்பதே தெரியாது. தாய் ஒவ்வொரு முகாம் வாசலாக ஏறி இறங்கினா. ஒவ்வொரு வாசலிலும் "எங்களிட்டை இல்லை" என்றார்கள்.

அண்ணை வேலைக்குப் போனார், வந்தார். விளக்குக் கம்பங்களில் மோதுவதை நிறுத்திவிட்டார். தெருவில் எல்லோரையும்போல நேரே பார்த்து நடந்தார். அதைப் பார்க்க எங்களால் முடியவில்லை.

அதுவரை அவரைக் கண்டால் வீதியின் மறுபக்கம் மாறிப் போனவர்களெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் தாங்களாகவே வரத் தொடங்கினார்கள். "அண்ணை, நாங்கள் இன்னும் அந்தக் கோபுரம் பாக்கேல்லை, ஒருக்காக் காட்டுங்கோவன்." தேனிலவில் கல்லறை பார்த்த சோடி கைக்குழந்தையோடு வந்து நின்றது. என் கணவர் மாடிப்படியில் நின்று, "அண்ணை, கோதிக் கூம்புக்கும் மற்றக் கூம்புக்கும் என்ன வித்தியாசம், எனக்கு மறந்துபோச்சு" என்று கதவுக்கூடாகக் கேட்டார். வாழ்க்கையில் அவர் கேட்ட முதலாவது கட்டடக் கலைக் கேள்வி அது. கதவு திறக்கவில்லை. உள்ளேயிருந்து "பேந்து சொல்லுறன் தம்பி" என்று குரல் மட்டும் வந்தது.

அண்ணையின் மனைவி பூமணியக்காவை லண்டனுக்கு எடுப்பிக்க மேலும் சில ஆண்டுகள் பிடித்தன. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒருநாள் வந்து இறங்கினா. பழைய அண்ணையாக இருந்திருந்தால் விமான நிலையத்திலிருந்து மனைவியைப் பெட்டிகளோடு நேரே சென்ட் போல்சுக்குக் கொண்டுபோயிருப்பார், அதில் சந்தேகமே இல்லை. இப்போது டாக்சி பிடித்து நேரே வீட்டுக்குக் கூட்டிவந்தார். இரண்டுபேரும் ஆளுக்கொரு பெட்டியோடு படியேறினார்கள்.

அக்கா மெலிந்த, நெட்டையான மனுஷி. நாக்கு நல்ல கூர். வந்த மறுநாளே வீட்டில் தனக்கொரு இடம் பிடித்துக்கொண்டா. மாடிப்படியின் கீழ்ப்படி, தொலைபேசிக்குப் பக்கத்தில். கீரை ஆய்வதும், தேத்தண்ணி குடிப்பதும், என்னோடு கதைப்பதும் அந்தப் படியில்தான். ரமணனைப் பற்றிச் சொல்ல யாராவது தொலைபேசியில் அழைத்தால், மணி இரண்டாம் தரம் அடிக்குமுன் எடுக்கவேண்டும் என்று இருந்தா. இடைக்கிடை அண்ணை கட்டடம் பார்க்கக் கூட்டிப்போகிறேன் என்று மெதுவாக வாயெடுத்தால் அக்கா விடமாட்டா.

"நான் கல்லுப் பாக்கவோ கடல் கடந்து வந்தனான்? கல்லு எங்கட வளவிலையும் கிடந்தது, ஷெல் விழுந்து உடைஞ்சு."

ஒரு கோடை காலத்தில் எங்கள் தெருவைத் தோண்டியவர்கள் எங்கேயோ வயரை அறுத்துவிட்டார்கள். தொலைபேசி செத்துப்போனது. திங்கட்கிழமைதான் சரிவரும் என்றார்கள். ஞாயிறு காலையில் அக்கா படியில் இருந்து, ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்து, திரும்ப வைத்தா.

"சரி. அடியாத போனுக்கு முன்னாலை இருந்து என்ன செய்யிறது? இஞ்சாருங்கோ, எங்கையோ கூட்டிக்கொண்டு போறனெண்டு சொன்னியளே. வாங்கோ."

அண்ணை ஓடிப்போய் மழைக்கோட்டை எடுத்தார். சட்டைக்கை எது, கழுத்து எது என்று தெரியாமல் தடுமாறினார். நானும் கணவரும் கூடவே போனோம். ராசாக்களுக்கு முடிசூட்டுகிற, ராசாக்களைப் புதைக்கிற வெஸ்ட்மின்ஸ்டர் பெரிய தேவாலயத்துக்குத்தான் போனோம். அண்ணையின் குரல் பழையபடி ஏறியது. மேலே பாரும், அந்தத் தூண்கள் பனைமரம் மாதிரிப் போய் விரிகிறதைப் பாரும் என்று அக்காவைப் பிடித்துப் பிடித்துக் காட்டினார். அக்கா ஒரு ராணியின் கல்லறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பாவம், மூக்கு உடைஞ்சுபோச்சு" என்று மட்டும் சொன்னா.

வெளியே வருகிற வழியில், வாசலுக்குக் கிட்ட, தரையில் ஒரு கறுப்புக் கல். சுற்றிவரச் சிவப்புப் பூக்களால் கரை கட்டியிருந்தது. கும்பலாக வருகிற ஜனங்கள் அதில் மிதிக்காமல் இரண்டாகப் பிரிந்து விலகிப் போனார்கள். அங்கே ராசாக்களின் கல்லறைமேல்கூட ஆட்கள் நடக்கிறார்கள். இதன்மேல் ஒருவர்கூட நடக்கவில்லை.

"இது ஆர்?" என்று அக்கா கேட்டா.

அண்ணை, எதற்கும் ஒரு பொய்யாவது கைவசம் வைத்திருக்கிற மனிதர், "நேரம் போச்சு, வாரும்" என்று நடந்தார்.

அக்கா என் பக்கம் திரும்பினா. "நீர் சொல்லும் பிள்ளை. இது ஆர்?"

"பேர் தெரியாது அக்கா. முதலாம் உலக யுத்தத்திலை செத்த ஒரு பெடியன். ஆரெண்டு கண்டுபிடிக்க ஏலாமல் போச்சாம். அதாலை ராசாக்களோடை சேத்துக் கொண்டுவந்து வைச்சிருக்கினம்."

"ஆற்றை பிள்ளை எண்டே தெரியாமலோ?"

"ஓம் அக்கா."

அக்கா குனிந்து அந்தக் கல்லின் எழுத்துக்களைப் பார்த்தா.

"அப்ப எந்தத் தாயும் வந்து தன்ர பிள்ளை எண்டு சொல்லலாம். ஒருத்தரும் இல்லையெண்டு சொல்ல ஏலாது."

சொல்லிவிட்டு, சேலையை ஒதுக்கிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தா. பூக்களில் படாமல், கல்லின் ஓரத்தில் ஒரு கையை வைத்தா. வந்த நாளிலிருந்து அழாத மனுஷி அழத் தொடங்கினா. பெரிய சத்தமில்லை. ஆனால் அந்தக் கூரைக்குக் கீழே சின்னச் சத்தமும் பெரிதாகக் கேட்கும்.

வாசல்வரை போன அண்ணை திரும்பி வந்தார். அவருடைய முகத்தை அப்படி நான் முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

"எழும்பும்!"

அக்கா அசையவில்லை.

"எழும்பு எண்டு சொல்லுறன்! இது செத்த ஆக்களுக்கு. என்ர பிள்ளை சாகேல்லை. விளங்குதோ? அவன் சாகேல்லை!"

சுற்றியிருந்தவர்கள் உறைந்துபோய் நின்றார்கள். நீண்ட அங்கி போட்ட வயதான காவலர் ஒருவர், நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு மெதுவாக வந்து அக்காவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அக்கா அதில் உட்காரவில்லை. அண்ணைதான் அதில் உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் இரண்டுபேருக்கும் பேச்சில்லை. ஒரே சமையலறையில் ஒரு முழ இடைவெளியில் நின்றுகொண்டு, என் மூலம் செய்தி அனுப்புவார்கள்.

"தங்கச்சி, சோறு ஆறுதெண்டு அந்த மனிசனிட்டைச் சொல்லும்."

"தங்கச்சி, எனக்குக் கேட்டுது எண்டு சொல்லும்."

"கேட்டால் வந்து சாப்பிடச் சொல்லும்."

நான் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, என் சோற்றை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விடுவேன். என்னுடைய மௌனத்தையும் அவர்கள் செய்தி போய்ச் சேர்ந்ததாகவே எடுத்துக்கொண்டார்கள்.

அக்கா கிழமைக்கொருமுறை அந்தக் கல்லைப் பார்க்கப் போனா. முதலில் நான் கூடப் போனேன், பிறகு தனியாகவே போகப் பழகிக்கொண்டா. ஆங்கிலம் தெரியாது. பாதாள ரயில் வரைபடத்தில் நிறத்தைப் பார்த்து, கறுப்பு நிறப் பாதையில் ஏறி இடையில் மாறிப் போய்வருவா. அந்த வயதான காவலர் அக்காவைக் கண்டால் தலையை அசைப்பாராம். "அந்தாளுக்கும் ஆரோ போயிருக்கினம். பாத்தாத் தெரியும்" என்றா. அக்கா வெளிக்கிடுகிற நேரத்தில் அண்ணை மாடியிலிருந்து இறங்கி வந்து கீழ்ப்படியில் உட்காருவார். அக்கா திரும்பி வரும்வரை தொலைபேசியை அவர் பார்த்துக்கொள்வார். இதைப்பற்றி அவர்களுக்குள் பேச்சு நடந்ததாகத் தெரியவில்லை.

மறு வருடம் வெம்பிளியில் கடை வைத்திருந்த மூர்த்தி பாரீசுக்கு பஸ் விட்டார். இரவு புறப்பட்டு, பகல் முழுக்க அங்கே நின்று, பின்னேரம் திரும்புகிற பயணம். அண்ணைக்கும் அக்காவுக்கும் அப்போதுதான் வெளிநாடு போகிற பத்திரம் கிடைத்திருந்தது. அண்ணை முதல் ஆளாகப் பெயர் கொடுத்தார். அக்கா வருவா என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. முதல்நாள் என்னிடம் மெதுவாகக் கேட்டா.

"பிள்ளை, அங்கையும் அப்பிடி ஒண்டு இருக்கோ?"

"என்ன அக்கா?"

"பேர் தெரியாத பிள்ளை."

இருக்கிறது என்றேன். அக்கா தன் பையை எடுத்து அடுக்கத் தொடங்கினா.

பஸ்ஸில் வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் பாரீசுக்குப் போனது லா ஷப்பலில் உள்ள தமிழ்க் கடைகளில் கத்தரிக்காயும் மீனும் வாங்கத்தான். அண்ணை வழி முழுக்க எழுந்து நின்று, வெற்றி வளைவு என்று ஒன்று இருக்கிறது, அதைப் பாருங்கள் என்று கெஞ்சிப் பார்த்தார். "அண்ணை, வளைவிலை கத்தரிக்காய் விக்கிறாங்களோ?" என்று மூர்த்தி கேட்டார். கடைசியில் நாங்கள் நால்வர்தான் போனோம். பின்னேரம் ஐந்து மணிக்கெல்லாம் பஸ்ஸுக்கு வந்துவிடவேண்டும், கப்பல் காத்திருக்காது என்று மூர்த்தி திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பினார்.

வளைவின் கீழே போய் நின்றதும் அண்ணையின் கழுத்து பழையபடி பின்னால் சாய்ந்தது. உள்சுவர் முழுக்கப் பெயர்கள் வெட்டியிருந்தன. என்னிடம் சொல்வதுபோல, ஆனால் அக்காவுக்குக் கேட்கத் தக்கதாகச் சொன்னார்.

"தங்கச்சி, இதெல்லாம் தளபதியளின்ரை பேர். பேர் உள்ளவை எல்லாம் சுவரிலை."

பிறகு அவராகவே கீழே பார்த்தார். தரையில் ஒரு கல்லறை. அதன் தலைமாட்டில் ஒரு நெருப்பு, காற்றுக்கு அலைந்துகொண்டிருந்தது. அக்கா அதைச் சுற்றிவந்து நின்றா.

"இதென்ன நெருப்பு? எரிக்கினமோ?"

பலகாலத்துக்குப் பிறகு அக்கா நேரடியாகக் கேட்ட கேள்வி. அண்ணை திடுக்கிட்டுப்போனார்.

"இல்லை... எரிக்கிறேல்லை. இது விளக்கு மாதிரி. அணையவிடமாட்டினம். ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஆரோ வந்து தூண்டிவிடுவினம். மழையெண்டாலும் வருவினம்."

"ஒவ்வொரு நாளுமோ?"

"ஓம். ஒரு நாளும் விடுறேல்லை."

"ஏன்?"

அக்கா தானே சொன்னா.

"வராத பிள்ளைக்கு வாசல்லை விளக்கு வைக்கிறதுதானே. காத்துக்கொண்டிருக்கினம் போலை."

அண்ணை நெருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஓமப்பா" என்றார். "காத்துக்கொண்டிருக்கினம்."

அந்தத் தூண்டிவிடுகிற சடங்கைப் பார்த்துவிட்டுத்தான் வருவேன் என்று அக்கா சொல்லிவிட்டா. அது ஆறரை மணிக்கு. "பஸ் போனால் போகட்டும்." என் கணவர் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு அண்ணையைப் பார்த்தார், பிறகு மூர்த்தியிடம் விஷயத்தைச் சொல்ல வாடகைக் கார் பிடித்துப் போனார். ஆறு மணி தாண்டியதும் கொடிகளோடு, மார்பு நிறையப் பதக்கங்களோடு, கிழவர்கள் வந்து வரிசையில் நின்றார்கள். அவர்களில் ஒருவர் அண்ணையிடம் பிரெஞ்சில் ஏதோ கேட்டார். அண்ணைக்குத் தெரிந்த பிரெஞ்சு "மெர்சி" ஒன்றுதான். அதைச் சொன்னார். கிழவர் மறுபடி கேட்டார். அண்ணை மறுபடி "மெர்சி" என்றார். மூன்றாம் முறை சொல்லும்போது அழுதுவிட்டார். பதக்கக் கிழவர் அவரை உற்றுப் பார்த்தார். பிறகு பக்கத்தில் நின்றவரை முழங்கையால் தள்ளி, வரிசையில் இடம் விட்டு, அண்ணையையும் அக்காவையும் தங்களோடு நிற்க வைத்துக்கொண்டார். கொம்பு ஊதினார்கள். யாரோ குனிந்து நெருப்பைத் தூண்டினார்கள். அண்ணை அக்காவின் தோளில் முகத்தை வைத்து, வாய்விட்டு, பிள்ளையின் பெயரைச் சொல்லி அழுதார். அக்கா அவருடைய தலையைத் தடவிக்கொண்டு நெருப்பைப் பார்த்தபடி நின்றா.

நாங்கள் பஸ்ஸுக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லோரும் மடியில் கத்தரிக்காய்ப் பைகளோடு கோபமாக இருப்பார்கள் என்று பயந்துகொண்டு ஏறினேன். மீன் வாடை குப்பென்று அடித்தது. என் கணவர் முன்னமே எல்லாம் சொல்லியிருந்தார். முன் இருக்கையில் இருந்தவர்கள் எழுந்து இடம் விட்டார்கள். மூர்த்தி ரோல்ஸ் பொட்டலத்தை அண்ணையின் கையில் வைத்தார்.

"சாப்பிடுங்கோ அண்ணை. கப்பல் அடுத்ததும் இருக்கு."

அதற்குப் பிறகு அண்ணையும் அக்காவும் போகாத இடம் இல்லை. ரோம், பிரசல்ஸ், வார்சோ என்று லீவு கிடைக்கும்போதெல்லாம் கிளம்பினார்கள். ஒவ்வொரு ஊரிலும் அண்ணை கூம்புகளையும் குவிமாடங்களையும் பார்ப்பார். அக்கா அந்த ஊரின் பெயரில்லாத பிள்ளையை விசாரித்துக்கொண்டு போவா. போய்வந்து படம் காட்டும்போது, "இது ஒரு மந்திரி தன்ர மாமிக்குக் கட்டின மாளிகை" என்று அண்ணை தொடங்கினால், "பொய் சொல்லாதேங்கோ" என்று அக்கா பக்கத்திலிருந்து வெட்டுவா. சிரிப்பும் சண்டையுமாக வீடு நிறையும். ரமணனைப் பற்றி மட்டும் எந்தச் செய்தியும் வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

பிறகு அவர்களுக்கு லண்டனின் தெற்கே மிட்சம் என்ற இடத்தில் கவுன்சில் வீடு கிடைத்தது. நாங்களும் வீடு மாறினோம். தொண்ணூறுகளின் கடைசியில், ஒரு பனிக் காலத்தில், அண்ணை மாரடைப்பில் போய்விட்டார். பெற்றோல் நிலையத்தில், வேலை முடிந்து மழைக்கோட்டு மாட்டிக்கொண்டிருந்தபோது நடந்ததாம்.

செத்தவீட்டுக்கு வந்த கூட்டத்தை அந்தத் தெரு தாங்கவில்லை. ஒரு காலத்தில் அவரைக் கண்டு ஒளித்தவர்களெல்லாம் வந்திருந்தார்கள். பனியில் நின்றுகொண்டு ஆளுக்கொரு கதை சொன்னார்கள். மூக்கைச் சீறிக்கொண்டே சிரித்தார்கள்.

பெட்டி வைத்த கார் புறப்படுமுன், கறுப்புக் கோட்டுப் போட்ட வெள்ளைக்காரர் ஒருவர் வந்து, முதல் காரில் மிக நெருங்கிய குடும்பத்தவர்கள் மட்டும்தான் ஏறலாம் என்றார். கொள்ளிவைக்கப் பிள்ளை இல்லாத அந்த வீட்டில் யார் ஏறுவது என்று எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அக்கா திரும்பி, கூட்டத்துக்குள் நின்ற என்னைத் தேடிக் கையைப் பிடித்து இழுத்தா. தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அவரிடம் சொன்னா.

"ஹிஸ் சிஸ்டர்."

அந்த மனிதர் தொப்பியைக் கழற்றி, தலையைக் குனிந்து, "அண்ணனை இழந்திருக்கிறீர்கள், என் ஆழ்ந்த அனுதாபங்கள்" என்றார்.

"நன்றி" என்று சொல்லிவிட்டு நான் காரில் ஏறினேன்.